பேசாத பிள்ளையும் ஓதிப் பார்த்த ஆண்டுகளும்

மஃரிபுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் ஏந்தி வரிசையாக நிற்பதும், தொழுது வெளிவருவோர் ஓதி ஊதிவிட்டுச் செல்வதும் தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் காணும் காட்சி. அவ்வரிசையில் நம்மவர்கள் மட்டுமல்லர், மாற்றுச் சமயத் தாய்மாரும் நம்பிக்கையோடு நிற்பார்கள். சற்றேறக்குறைய பதினான்கு ஆண்டுகளுக்கு முன், நான் இமாமாக இருந்த ஓர் ஊரில், அவ்வரிசையில் ஓர் இளந்தாய் தன் மூன்று வயது மகனுடன் நின்றார். கணவர் சவூதியில். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வருபவர்.

"ஹஜ்ரத், பேர் சொல்லிக் கூப்பிட்டாப் புள்ள திரும்பிப் பார்க்க மாட்டேங்குறான். ஒன்றரை வயசுல 'அத்தா'ன்னு சொன்னான். இப்ப அதுவும் இல்லை" என்றார்.

நான் ஓதினேன், ஊதினேன், தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். கறுப்புக் கயிறு ஒன்றும் முடிச்சிட்டுக் கொடுத்தேன். "கண்ணேறாக இருக்கும்மா, நாற்பது நாள் தவறாமல் கொண்டு வாங்க" என்றேன். நாற்பது நாள் முடிந்தது. மாற்றமில்லை. "இன்னும் ஒரு நாற்பது பார்ப்போம்" என்றேன். இப்படியே இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான், அங்கிருந்த ஆசிரியை ஒருவர் சொல்லி, அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். பரிசோதித்த பெண் டாக்டர் "ஆட்டிசம்" என்று சொல்லிவிட்டு, "மூணு வயசுலயே வந்திருக்கலாமே அம்மா, இத்தனை நாள் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாராம். அந்தத் தாய் தலை குனிந்து நின்றாரே தவிர என் பெயரைச் சொல்லவில்லை. இதை அவருடைய மாமியார் பின்னொரு நாள் என்னிடம் சொல்லி வருந்தினார். என்னைக் குறை கூறும் எண்ணம் அந்த மூதாட்டிக்கும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

ஓதிப் பார்ப்பது கூடாது என்று எழுத நான் முன்வரவில்லை. திருமறை வசனங்களை ஓதி அல்லாஹ்விடம் நலம் வேண்டுவது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்களிடம் கிராமத்து அரபிகள் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றே பணித்தார்கள் என்பதும் நாம் மத்ரஸாவில் ஓதியதுதான். துஆவை நாம் பற்றிக்கொண்டோம். மருத்துவம் செய்யுங்கள் என்ற கட்டளையை ஒதுக்கி வைத்துவிட்டோம். "டாக்டரிடம் போகாதே" என்று நான் ஒருபோதும் வாயால் சொன்னதில்லை. ஆனால், இன்னும் நாற்பது நாள் என்று சொல்லும்போது, அதைத்தான் சொல்கிறோம் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

ஆட்டிசம் என்றால் என்ன? மதியிறுக்கம் என்று தமிழில் எழுதுகிறார்கள். அரசுத் தாள்களில் புற உலகச் சிந்தனையற்ற என்ற அடைமொழியும் காணப்படுகிறது. இந்த அடைமொழி எனக்கு உடன்பாடன்று. இப்பிள்ளைகளுக்குப் புற உலகம் தெரியாமலில்லை. பலருக்கு அது அளவுக்கு மிஞ்சித் தெரிகிறது. மிக்ஸி ஓடும் ஓசையும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் கூச்சலும், சட்டைக் கழுத்துப்பட்டையின் உறுத்தலும் நமக்கு ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது தாங்கொணா வேதனையாக இருக்கக் கூடும். காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையைப் பார்த்து, பாங்கு ஓசை கேட்டு ஓடுகிறது, உள்ளே ஷைத்தான் இருக்கிறான் என்று சொன்ன பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒலிபெருக்கியின் விசையைச் சற்றுத் தணித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

1943-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கானர் என்பார் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை முதன்முதலாக விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதையொத்த ஒன்றைத் தனியே எழுதினார். பிள்ளை கருவில் உருவாகும்போதே மூளை வளரும் விதத்தில் அமைந்துவிடும் வேறுபாடு இது என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு. பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. இரத்தத்தைச் சோதித்தோ மூளையைப் படமெடுத்தோ இதைக் கண்டுபிடிக்க இயலாது. பிள்ளையின் நடத்தையைக் கூர்ந்து கவனித்தும் பெற்றோரைக் கேட்டுமே அறிய வேண்டும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் வேண்டிய பொருளை விரலால் சுட்டிக்காட்டாமை, கண்ணோடு கண் பாராமை, பேசிய சொற்களை இழந்துவிடல், பொருள்களை ஓயாது வரிசைப்படுத்தல், கைகளைச் சிறகுபோல் அடித்துக்கொள்ளல் ஆகியவை அடையாளங்கள். அந்தத் தாய் அன்று மஃரிபு வாயிலில் என்னிடம் சொன்னவை இவைதாம். ஒரு டாக்டரின் செவிக்கு எட்டியிருந்தால் அந்த ஒரு நிமிடப் பேச்சே போதுமாக இருந்திருக்கும்.

இதைக் குணமாக்கும் மருந்து என்று ஒன்று இல்லை. பயிற்சிகள் உண்டு. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி, நடத்தைப் பயிற்சி இவற்றை மூன்று வயதுக்குள் தொடங்குவதற்கும் ஆறு வயதில் தொடங்குவதற்கும் வேறுபாடு உண்டு. இளமூளை வளையும். மருந்து இல்லாத இடத்தில் வணிகர்கள் நுழைவார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் நீங்கிவிடும் என்று இலட்சக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். சில இரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர மற்றவற்றுக்கு இம்முறையைச் சிகிச்சையாக விற்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. தாயத்துக்கு ஐந்நூறு வாங்கும் லெப்பையைக் கண்டிக்கும் படித்தவர்கள், கோட்டணிந்தவர் ஐந்து இலட்சம் கேட்டால் நகையை விற்றுக் கொடுத்துவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு. இது உலகத்துச் சராசரி. இக்கணக்கை நாலாயிரம் பேர் வாழும் ஒரு மஹல்லாவுக்குப் பொருத்தினால் ஏறத்தாழ முப்பது பேர் இருக்க வேண்டும். நம் ஊர் ஜும்ஆவில், பெருநாள் திடலில், வலீமா விருந்தில் அவர்களுள் எத்தனை பேரைக் கண்டோம்? மூவரைக் கண்டிருந்தால் மிகுதி. மற்றவர்கள் வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்கள்.

ஏன் மறைக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததன்று. மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும்; தம்பிக்கு ஆட்டிசம் என்று தெரிந்தால் பெண் கேட்டு வருவோர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அதைவிடப் பெரிய காரணம், பழி முழுவதும் தாயின் தலையில் விழுவது. கிரகணத்தில் வெளியே வந்தாள், மஃரிபு நேரத்தில் புளியமரத்தடியில் நின்றாள், பிள்ளைக்குக் கைப்பேசியைக் கொடுத்தாள் என்பார்கள். இது நம் கிராமத்து அறியாமை மட்டும் என்று எண்ண வேண்டாம். மேலைநாட்டில் படித்த மேதைகளே இதைச் செய்தார்கள். தாயின் அன்பின்மையே பிள்ளையை இப்படி ஆக்கிற்று என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் ஒரு நூல் முழுவதும் எழுதினார். குளிர்சாதனப் பெட்டி போன்ற தாய்மார் என்று அவர்களுக்கு ஒரு பெயரும் வழங்கிற்று. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, உளநூல் அறிஞரும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளையின் அமைப்பால் வருவதே என்று சான்றுகளோடு எழுதியிருந்தார். எனினும் எத்தனை தாய்மார் அப்பழியைச் சுமந்தே மடிந்தார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

தாய்க்கு அடுத்தபடியாகத் தடுப்பூசி மீது பழி விழுந்தது. 1998-ல் இலண்டன் மருத்துவ ஏடான லான்செட்டில் ஆண்ட்ரூ வேக்பீல்டு என்பவர் தம் கூட்டாளிகளோடு எழுதிய கட்டுரை தட்டம்மைத் தடுப்பூசியோடு ஆட்டிசத்தை முடிச்சிட்டது. அது நேர்மையற்றது என வெளிப்பட்டு, 2010-ல் அவ்வேடே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2017-ல் தமிழகத்தில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளுக்கு அஞ்சித் தயங்கிய பெற்றோரில் நம்மவர்களும் இருந்தார்கள். மிம்பரில் நின்று நாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னவர்கள் சிலரே.

இனி ஜின்னைப் பற்றி. ஜின் என்ற படைப்பு உண்டு என்பது திருமறை கூறும் உண்மை; அதை மறுப்பவன் முஸ்லிமல்லன். ஆனால் இன்ன பிள்ளைக்குள் ஜின் புகுந்துள்ளது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தார்கள்? மறைவானவை அல்லாஹ்வுக்கே தெரியும் என்று ஓதிவிட்டு, அடுத்த நொடியில் ஒரு பச்சிளம் பிள்ளையின் மௌனத்துக்கு மறைவான காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது என்ன அறிவு? பிரம்பால் அடித்தும், மிளகாய்ப் புகை காட்டியும், சங்கிலியில் பிணைத்தும் ஜின்னை ஓட்டுவதாகச் சொல்பவர்களை இன்னும் நம் மக்கள் தேடிப் போகிறார்கள்.

ஏர்வாடியை நாம் மறக்கலாகாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலை, தர்காவை அண்டி நடத்தப்பட்ட ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி வெந்தார்கள். மாண்டவர் இருபத்தெட்டுப் பேர். அவர்களுக்கு இருந்தது மனநோய், ஆட்டிசம் வேறு. ஆனால் அவர்களைச் சங்கிலிக்குக் கொண்டுசென்ற எண்ணமும், இந்தப் பிள்ளைகளைப் பின்கட்டுக்குக் கொண்டுசெல்லும் எண்ணமும் ஒரே வேரில் முளைத்தவை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயுற்ற எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. நல்ல முயற்சிகளும் நடக்காமலில்லை. குஜராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல் தவாவும் துஆவும் என்ற பெயரால், முஜாவர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து பணியாற்றத் தொடங்கினார்கள். துஆ கேட்டு வந்தவரை முஜாவரே டாக்டரிடம் கைகாட்டி அனுப்புகிறார். ஏர்வாடியிலும் பின்னர் இம்முறை வந்தது. ஒரு முஜாவரால் முடிந்தது, ஏழாண்டு மத்ரஸாவில் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிமால் முடியாதா?

மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய அறிவில் ஏதோ ஒரு குறை இருந்ததாக அனஸ் (ரலி) அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அவர் ஒரு நாள் அண்ணலாரிடம் வந்து, எனக்கு உங்களிடம் ஒரு தேவை உண்டு என்றார். அண்ணலார் (ஸல்) அவர்கள் அவரை விரட்டவில்லை. இவளை யாரேனும் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்று தோழர்களிடம் சொல்லவுமில்லை. எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அந்தத் தெருவை அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று கூறி, அவரோடு நடந்து சென்று, அவர் சொல்லி முடிக்கும் வரை நின்று கேட்டார்கள். ஓர் அரசின் தலைவர், படைகளை நடத்தியவர், மதீனத்துத் தெருவோரத்தில் நிற்கிறார். நபிமொழித் தொகுப்புகளைப் பலமுறை புரட்டியவன் நான். இந்த நிகழ்ச்சியைப் பணிவுக்கு உதாரணமாக எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்மணி யார், இன்று அவர் எந்த வீட்டின் பின்கட்டில் இருக்கிறார் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற ரமலானில் ஒரு தந்தை எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். பன்னிரண்டு வயது மகனை ஜும்ஆவுக்கு அழைத்துச் சென்றாராம். குத்பாவின்போது பையன் இரண்டு முறை உரக்கக் குரலெழுப்பியிருக்கிறான். நிர்வாகி ஒருவர் வந்து, "பாய், தொழுகையைக் கெடுக்காதீங்க, இந்த மாதிரிப் பிள்ளையை எல்லாம் ஏன் கூட்டிட்டு வர்றீங்க?" என்று சொல்ல, அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். அன்றிலிருந்து அவரும் வீட்டிலேயே லுஹர் தொழுகிறாராம். இவனை விட்டுவிட்டு நான் மட்டும் போக மனம் வரவில்லை ஹஜ்ரத் என்று முடித்திருந்தார். மஸ்ஜிதுந் நபவியில் கிராமத்து அரபி ஒருவர் சிறுநீர் கழித்தபோது, பாய்ந்த தோழர்களைத் தடுத்து, அவர் முடிக்கட்டும் என விட்டு, பின் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்ன நபியின் உம்மத் நாம். குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிய நபியின் உம்மத் நாம். நம் பள்ளிவாசலில் இரண்டு கூச்சலுக்கு இடமில்லை! கைப்பேசி மணி அடித்தால் மட்டும் எல்லாரும் பொறுத்துக்கொள்கிறோம்.

அத்தந்தை ஒரு மஸ்அலாவும் கேட்டிருந்தார். பலருக்கும் பயன்படும் என்பதால் ஈண்டு எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ளவனுக்குத் தொழுகையும் நோன்பும் கடமையா? உறங்குபவர், சிறுவர், அறிவிழந்தவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழியின் கருத்து. ஆனால் ஆட்டிசம் என்ற ஒரு சொல்லைக் கொண்டு ஒருவரை அறிவிழந்தவர் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. அவர்களில் குர்ஆனை மனனம் செய்தோரும் உண்டு, பட்டதாரிகளும் உண்டு. ஒரு சொல்லும் பேசாதோரும் உண்டு. பருவம் எய்தி, நன்மை தீமையைப் பகுத்தறியும் ஆற்றல் உள்ளவர்க்குக் கடமை உண்டு. இயன்ற அளவே உண்டு. அவ்வாற்றல் அறவே இல்லாதவர்க்குக் கடமையுமில்லை, களாவுமில்லை. இடைப்பட்டவர்களை அறிந்தவர் பெற்றோரும் டாக்டருமே. முஃப்தி அவர்களைக் கேட்டுத்தான் ஃபத்வா கொடுக்க வேண்டும்.

திருமணம் செய்தால் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. எத்தனை பெண் பிள்ளைகளின் வாழ்வை இது குலைத்திருக்கிறது! மறுவீட்டாருக்குத் தெரியாமல் மறைத்து முடிக்கும் நிகாஹ், எடையில் மோசடி செய்வதைவிடக் கொடிய மோசடி. தெரிந்து, உடன்பட்டு, இருவரும் வாழ இயலும் என்று கண்டு முடிப்பதை யாரும் தடுக்கவில்லை. நிக்காஹ் தப்தரில் கையெழுத்திடும் நாம் இதைக் கேட்காமல் பேனாவைத் திறக்கலாகாது.

சட்டம் என்ன தருகிறது என்பதும் நம் வீடுகளில் தெரியவில்லை. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதை முதலில் ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளுள் ஒன்றாக அதைச் சேர்த்தது. சான்றிதழ் இருந்தால் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அரசு வேலை ஒதுக்கீட்டில் இடம் உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை பயிற்சிச் செலவும் சேர்த்துப் பெற வழியுண்டு. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் பல்வகைத் திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. இருந்தும், சிற்றூரில் பேச்சுப் பயிற்சியாளரைத் தேடிப் பேருந்தில் இரண்டு மணி நேரம் போய்வரும் தாய்க்கு இவையெல்லாம் தொலைவில்தான் உள்ளன. வாரம் மூன்று நாள் அப்படிப் போய்வந்தால் எந்தக் கூலி வேலையை அவள் செய்வாள்? ஜகாத் நிதி இங்கே நுழையலாம். ஊனம் என்பது ஜகாத் பெறும் எட்டு வகையில் ஒன்றன்று, வறுமையே தகுதி. இக்குடும்பங்களில் பல, பயிற்சிச் செலவினாலேயே அத்தகுதியை அடைந்துவிட்டன. பள்ளிவாசலில் அறை கட்டுவதற்கு மட்டும் ஜகாத்தைத் தொடாதீர்கள். அதற்கு ஸதகாவும் வக்ஃபும் உண்டு.

எல்லாப் பெற்றோரும் என்னிடம் கடைசியாகக் கேட்கும் கேள்வி ஒன்றே. எங்களுக்குப் பின் இவனுக்கு யார்? அறிவு நிரம்பாதவர்களிடம் செல்வத்தை ஒப்படைக்காமல், அதிலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் கனிவாகப் பேசுமாறு திருமறையின் நிஸா அத்தியாயம் பொறுப்பாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. அவனுடைய வாரிசுப் பங்கு ஓர் அணுவளவும் குறையாது. இவனுக்கு எதற்கு வீடு என்று அண்ணன்மார் பங்கை எழுதி வாங்கிக்கொள்வது, நாள்தோறும் அவனுக்குச் சோறு போட்டாலும் ஹலாலாகிவிடாது. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறைந்தவருக்குச் சட்டபூர்வக் காப்பாளரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கிறது. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். மய்யித்தை அடக்கிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டிய செய்தியன்று இது.

அன்று நான் ஓதி ஊதிய பிள்ளைக்கு இப்போது பதினேழு வயது. சொற்கள் சில உண்டு. படங்களைச் சுட்டித் தனக்கு வேண்டியதைக் கேட்கிறான். மூன்று வயதில் அனுப்பியிருந்தால் எத்தனை சொற்கள் இருந்திருக்கும் என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு, விடை அல்லாஹ்விடம். இப்போது நான் இருக்கும் ஊரில், மஃரிபு வாயிலில் வரும் தாயிடம், ஓதிய பின், "புள்ள பேர் சொன்னாத் திரும்புதாம்மா? விரலால காட்டுதா?" என்று கேட்கிறேன். இல்லை என்றால் அரசு ஆஸ்பத்திரிக்கு மறுநாளே அனுப்புகிறேன். துணைக்கு ஆளில்லை என்றால் ஜமாஅத்திலிருந்து ஒரு பெண்மணியைக் கூட்டி அனுப்புகிறோம். நிர்வாகத்திடம் இரண்டு வேண்டுகோள் வைத்தேன். உள்பள்ளியின் ஒலிபெருக்கியைத் தணிக்க வேண்டும் என்பது ஒன்று; அதற்கு இசைந்துவிட்டார்கள். பின் வரிசையையொட்டிய சிறு அறையை ஜும்ஆ நேரத்தில் இப்பிள்ளைகளுக்கும் அவர்களுடன் வருவோருக்கும் ஒதுக்க வேண்டும் என்பது மற்றொன்று. அவ்வறையில் இப்போது பெருநாள் பந்தல் துணியும் பழைய பாய்களும் கிடக்கின்றன. எங்கே மாற்றி வைப்பது என்ற பேச்சு மூன்று கூட்டங்களாக நடந்துகொண்டிருக்கிறது.